ஊசிக்கு முன் கேள்வி

மனிதனை மனிதன் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் இடங்கள் உலகத்தில் அநேகம். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் கேட்பார். கடனுக்குப் போனால் பாங்கில் கேட்பார்கள். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. என்ன பதில் வேண்டும் என்பது கேட்கிறவர் மனத்தில் முன்பே தயாராக இருக்கும். அது நம் வாய் வழியாக வர வேண்டும், அவ்வளவுதான். "பெண்ணுக்குப் பாடத் தெரியுமா?" என்றால், "சுமாராகப் பாடுவாள்" என்பது மரபு. "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்றால், மாதம் இருமுறை ஊரிலிருந்து வந்து பத்து நாள் தங்கும் மாமனாரைக் கணக்கில் சேர்ப்பவர் உண்டா? இரு தரப்பாருக்கும் இது தெரியும். யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

ஆனால் பதில் பிசகினால் கண் போகக்கூடிய கேள்விகளும், உயிர் போகக்கூடிய கேள்விகளும் இருக்கின்றன. அவற்றையும் நாம் வீட்டுக்காரர் கேள்விகளைப் போலவே பாவித்து, "இல்லை, இல்லை, இல்லை" என்று வரிசையாக ஒப்பித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் இடத்தில், அதிலும் கான்ட்ராஸ்ட் ஊசி போடுவதற்கு முன், கேட்கப்படும் கேள்விகள் இந்த ஜாதியைச் சேர்ந்தவை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கேள்வி பதில்தான் மூலதனம். ஆகவே அந்த ஊசியைவிட அந்தக் கேள்விகள்தான் என் மனத்தில் ஆழமாகத் தைத்தன.

நான் குடியிருப்பது கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று தாண்டி வந்தால் அடுத்த ஊர். அதற்கு மேல் கொஞ்ச தூரம் போனால் ஆந்திர எல்லை. இங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய இரும்பை உருக்குகிறவர்கள், உருக்கியதைக் கம்பியாக உருட்டுகிறவர்கள், அச்சில் வார்க்கிறவர்கள், வார்த்ததைத் தேய்த்து வழவழப்பாக்குகிறவர்கள் என்று இரும்பை நம்பி வாழும் ஜனங்கள் ஆயிரக்கணக்கில். தமிழ்நாட்டார் மட்டுமல்ல, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இப்போது ஏராளம். எழுத்தை மட்டும் நம்பலாம் என்ற துணிச்சல் வருவதற்கு முன், நானும் ஒரு ரோலிங் மில்லின் டைம் ஆபீஸில் 11 வருஷம் உத்தியோகம் பார்த்தவன்தான்.

சென்ற வருஷம் என் இடது காது மந்தமாயிற்று. சுவர்க்கோழி கத்துவதுபோல உள்ளே ஒரு ரீங்காரம். "இரைச்சல்லயே பதினோரு வருஷம் இருந்தீங்க. காது போகாம என்ன செய்யும்?" என்றாள் என் மனைவி. நியாயமான பேச்சாகத்தான் பட்டது. ஆனால் காது டாக்டர் தலையை ஆட்டினார்.

"ஆலைச் சத்தம்னா ரெண்டு காதும் சேர்ந்து போகணும் சார். ஒரு காது மட்டும் போனா, உள்ளே நரம்பைப் பார்த்துட வேண்டியதுதான். கான்ட்ராஸ்ட் போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க."

"அப்படீன்னா என்னங்க டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"நரம்பு மேல சின்னக் கட்டி எதாவது இருந்தா, அந்த மருந்து அங்கே போய் அதைப் பளிச்சுன்னு காட்டிக் கொடுக்கும். பயப்படாதீங்கம்மா. இருந்தாலும் அனேகமா அது சாதுவான கட்டியாத்தான் இருக்கும்."

'சாதுவான கட்டி' என்ற பிரயோகத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாதுவான மாடு கேட்டிருக்கிறேன். சாதுவான மருமகள் கேட்டிருக்கிறேன். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

திருவள்ளூரில் என் தமக்கை வீடு இருக்கிறது. அங்கேயே ஒரு ஸ்கேன் நிலையத்தில் நாள் குறித்தார்கள். கும்மிடிப்பூண்டி இருப்பது திருவள்ளூர் ஜில்லாவில்தான். செங்கற்பட்டு ஜில்லாவைப் பிரித்து 1997-ல் இந்த ஜில்லா உண்டாயிற்று. ஆனால் ரயிலில் ஜில்லாத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் சென்னைவரை போய், வேறு பாதையில் திரும்பி வெளியே வர வேண்டும். பஸ்ஸில் பெரியபாளையம் வழியாகப் போனோம்.

போன அன்று அமாவாசை. திருவள்ளூரில் அமாவாசை என்றால் சொல்ல வேண்டாம். வீரராகவப் பெருமாளுக்கு அங்கே வைத்திய வீரராகவர் என்று பெயர். முனிவரிடம் "படுப்பதற்கு எவ்வுள்?" என்று கேட்டு, காட்டிய இடத்தில் படுத்துக்கொண்டாராம், அதனால் ஊருக்கே எவ்வுள் என்று பெயர் வந்தது என்பார்கள். தீராத நோய் உள்ளவர்கள் கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைப்பார்கள். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. தமக்கை எனக்கும் ஓர் உருண்டை வெல்லம் வாங்கி வைத்திருந்தாள். கரைத்துவிட்டுத்தான் ஸ்கேனுக்குப் போனேன்.

ஸ்கேன் நிலையத்தின் கூடத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு வயோதிக அம்மாள் தாலிச்சரட்டைக் கழற்றமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் மகள் மஞ்சள் கிழங்கை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டு, "இப்ப கழட்டும்மா, தோஷமில்லை" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் அரைஞாண் கயிற்றில் தொங்கிய தாயத்தை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். ஒடிசாக்காரன். குனிந்தால் நிமிர முடியாத முதுகுவலி. கூட வந்திருந்த சூப்பர்வைசர் ஒருவர் அவனுக்குப் பதிலாகப் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். படிவம் இங்கிலீஷில் இருந்தது. 'மெட்டாலிக் ஃபாரின் பாடி' என்று ஒரு வரி. சூப்பர்வைசர் பேனாவை நிறுத்தினார். யோசித்தார். பிறகு பையனைப் பார்த்து, "ஏய், ஃபாரின் போயிருக்கியா?" என்று கேட்டார்.

பையன் இல்லை என்று தலையசைத்தான். 'நோ' என்ற கட்டத்தில் பேனா ஒரு டிக் அடித்தது.

சிரிக்கலாம்தான். நானும் அந்த நிமிஷம் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அந்த வரி கேட்பது வெளிநாட்டுப் பிரயாணத்தைப் பற்றியல்ல. உடம்புக்குச் சொந்தமில்லாத உலோகத் துணுக்கு கண்ணிலோ வேறெங்கோ புதைந்திருக்கிறதா என்பதைப் பற்றி. அடுத்த அறையில் படுக்கையைச் சுற்றி இருப்பது சாதாரணக் காந்தமல்ல. ஒன்றரை டெஸ்லா என்று அதன் வலுவை அளக்கிறார்கள். நம் காலுக்குக் கீழே இருக்கும் பூமியின் காந்த சக்தியைப் போல 30,000 மடங்குக்குக் குறையாது. ஹீலியத்தைத் திரவமாக்கி, பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரிக் குளிரில் அந்தக் காந்தச் சுருளை வைத்திருக்கிறார்கள். விளக்கைப் போல அதை அணைத்து வைக்கிற வழக்கம் இல்லை. படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், இரவும் பகலும், அது விழித்துக்கொண்டே இருக்கிறது.

2018 ஜனவரியில் மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளியுடன் வந்த உறவினர் ஒருவர் பிராணவாயு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். காந்தம் அவரையும் சிலிண்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. உயிர் போயிற்று. அது பெரிய இரும்பு. சின்ன இரும்பும் சும்மா இருப்பதில்லை. தகட்டு வேலை செய்த ஒருவருடைய கண்ணில் பல வருஷங்களாகத் தொந்தரவு தராமல் கிடந்த இரும்புத் துணுக்கு, இந்தக் காந்தத்தில் நகர்ந்து, உள்ளே ரத்தம் கசிந்து, அந்தக் கண் பார்வையையே இழந்த செய்தி 1986-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் உலோகத் தொழிலாளிகளை இந்தக் கேள்வி கேட்பதும், சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் அழுத்தமான வழக்கமாயின.

கும்மிடிப்பூண்டியில் கிரைண்டிங் சக்கரத்தின் முன் நிற்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. அவனிடம்தான் "ஃபாரின் போயிருக்கியா?" என்று கேட்கப்பட்டது.

இதற்குள் உள்ளேயிருந்து டெக்னீஷியன் வந்தார். முப்பது வயதுப் பெண்மணி. படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார். வரிசையாக 'நோ'. பையனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் முன்னங்கைகளில் பொறி பட்ட சிறு சிறு தழும்புகள் மிளகு தூவினாற்போல் இருந்தன.

"தம்பி, க்யா காம்?" என்று கேட்டார்.

"கிரைண்டிங்."

"கண்ணுல இரும்பு எதாவது...?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். போட்டுக்குங்க" என்று சூப்பர்வைசர் குறுக்கிட்டார். அவர் கெட்டவரல்ல. பகல் ஷிப்டுக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கவலை அவருக்கு.

அந்தப் பெண்மணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கைகளாலும் கிரைண்டரைப் பிடிப்பதுபோல் பிடித்து, வாயால் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் எழுப்பி, சட்டென்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு துடித்துக் காட்டினார். பிறகு விரலில் குச்சி பிடிப்பதுபோல் பாவனை செய்து, கண்ணிலிருந்து எதையோ எடுத்து எறிந்தார்.

பையன் முகம் மலர்ந்தது. ஆமாம், ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினான். இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு தடவை. கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவன் தீக்குச்சி முனையால் எடுத்துவிட்டானாம். இதைச் சொல்லும்போது அவன் குரலில் அந்த அண்ணனின் கைத்திறமையைப் பற்றி ஒரு பெருமையும் இருந்தது.

"முதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, டெக்னீஷியன் என்னைக் கூப்பிட்டார்.

எனக்கும் அதே கேள்வி. மில்லில் இருந்தாலும் நான் பேனாவைத் தவிர வேறெதையும் தேய்த்ததில்லை என்று விளக்கினேன். அடுத்தது ஊசியைப் பற்றிய கேள்விகள். ஏற்கெனவே இந்த ஊசி போட்டு ஒவ்வாமை உண்டா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா. கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். என்னைத் தராசில் நிறுத்தினார். 65 கிலோ. "பதிமூணு மில்லி" என்று குறித்துக்கொண்டார்.

"சிறுநீரகத்தைப் பத்தி ஏம்மா இவ்வளவு விசாரிக்கிறீங்க? கோளாறு காதுலதானே?" என்றேன்.

"உள்ளே போடறது எங்க வேலை சார். வெளியே அனுப்பறது அதோட வேலை" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக அந்த மருந்தின் கதையை யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மருந்தில் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். எல்லைக்கு அப்பால் சூளூர்ப்பேட்டையில் நான் இரண்டு வருஷம் இன்டர்மீடியட் படித்தபோது, சுவரில் தொங்கிய தனிமங்களின் அட்டவணையில் கீழே தனியாக இரண்டு வரிசைகள் இருக்கும். பந்தியில் இடமில்லாமல் திண்ணையில் உட்கார வைத்த விருந்தாளிகளைப் போல. "ஈ வரஸ பரீட்சலோ ராது" என்று தெலுங்கு லெக்சரர் பிரம்பால் தட்டிவிட்டுப் போய்விடுவார். பரீட்சைக்கு வராத அந்த வரிசையில் 64-ஆம் எண்ணில் இருந்தது இந்தக் கடோலினியம். அவர் சொன்னபடி அது காலேஜ் பரீட்சைக்கு வரவில்லை. நாற்பது வயதுக்கு மேல் நடந்த பரீட்சைக்கு வந்தது.

பெயர்க் காரணமும் சுவையானது. பின்லாந்தில் யோஹான் கடோலின் என்று ஒரு ரசாயன பண்டிதர். ஸ்வீடனில் இட்டர்பி என்ற சிற்றூரில் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லை 1794-ல் ஆராய்ந்து, இதில் இதுவரை அறியாத பொருள் இருக்கிறது என்று சொன்னவர். கடோலினியம் என்ற உலோகத்தை ஜெனீவாவில் மரிஞாக் என்பவர் கண்டறிந்தது 1880-ல். கடோலின் 1852-லேயே காலமாகிவிட்டார். தம் பெயரைத் தாங்கிய உலோகத்தை அவர் பார்த்ததில்லை. இன்னொரு வேடிக்கை: 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் இந்த உலோகம் இரும்பைப் போலக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், அதற்கு மேல் சூடேறினால் அந்த ஒட்டுறவு போய்விடும். கும்மிடிப்பூண்டி வெயிலில் அது ஒருநாளும் இரும்பாக நடிக்க முடியாது.

ஸ்கேன் எப்படி நடக்கிறது? நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் போனதும் இவை டிரில் வகுப்புப் பிள்ளைகளைப் போல வரிசைக்கு வருகின்றன. ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் வரிசை கலைகிறது. பிறகு மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. எந்த இடத்துப் பிள்ளைகள் சீக்கிரம் திரும்புகிறார்கள், எந்த இடத்தில் தாமதம் என்று கணக்கெடுத்தால் அதுவே படம். இப்படிப் படம் எடுக்க முடியும் என்று காட்டிய அமெரிக்கர் லாட்டர்பருக்கும் ஆங்கிலேயர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கடோலினியம்தான் டிரில் மாஸ்டர். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே பிள்ளைகள் ஓட்டமாகத் திரும்புவார்கள். படத்தில் அந்த இடம் வெளுப்பாகப் பளிச்சிடும். கட்டி இருந்தால் அதன் ரத்தக் குழாய்கள் மருந்தை அங்கே கசிய விடும்; டிரில் மாஸ்டர் உள்ளே போய் நின்றுகொள்வார். ஆகவே சிலர் சொல்வதுபோல இது சாயமல்ல. இதற்குத் தனி நிறம் கிடையாது. பக்கத்தில் உள்ள தண்ணீரை அவசரப்படுத்துவது மட்டுமே இதன் தொழில்.

ஆனால் இந்த மாஸ்டரைத் தனியாக அனுப்ப முடியாது. தனித்த கடோலினியம் விஷம். உடம்பில் கால்சியம் செய்ய வேண்டிய வேலையில் குறுக்கே புகுந்து கெடுக்கும். அதனால் ஒரு ரசாயனக் கூண்டுக்குள் அடைத்து அனுப்புகிறார்கள். கூண்டோடு போய், கூண்டோடு சிறுநீர் வழியாக வெளியே வந்துவிட வேண்டும். பெர்லினில் ஷெரிங் கம்பெனி தயாரித்த முதல் கூண்டு மருந்து 1988-ல் உபயோகத்துக்கு வந்தது. காலையில் நான் குளத்தில் கரைத்த வெல்லத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். வெல்லம் உருத் தெரியாமல் கரைந்தால்தான் பலன். இது ரத்தத்தில் எங்கும் கலக்க வேண்டும். ஆனால் உருக் குலையவே கூடாது.

நல்ல சிறுநீரகம் இருந்தால் ஒரே நாளில் மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளியேறிவிடுகிறது. சிறுநீரகம் பழுதானால்? 1997-ல் அமெரிக்காவில் சில சிறுநீரக நோயாளிகளுக்குத் தோல் கட்டையாக இறுகி, மூட்டுகள் மடங்காமல் போகும் விபரீத நோய் ஒன்று வந்தது. 2000-ல் அதைப் புதிய நோய் என்று எழுதினார்கள். காரணம் தெரியவில்லை. 2006-ல் ஆஸ்திரியாவில் ஒரு டாக்டர், இந்த நோயாளிகள் கடோலினியம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்பதைக் கவனித்துச் சொன்னார். வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றிய மருந்து, கூண்டை விட்டுக் கழன்றுவிட்டிருந்தது. அதன்பின் சிறுநீரகத்தை விசாரிக்காமல் ஊசி போடுவதில்லை என்று கட்டுப்பாடு வந்தது; நோயும் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. புது மருந்து கண்டுபிடித்து ஒழித்த நோயல்ல இது. முன்கூட்டி ஒரு கேள்வி கேட்டும், சற்றே பாதுகாப்பான கூண்டைத் தேர்ந்தெடுத்தும் ஒழித்த நோய்.

கூண்டிலும் இரண்டு ஜாதி உண்டு. கயிற்றைப் போல நீளமாக இருந்து, உலோகத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வது ஒன்று. மோதிரத்தைப் போல மூடிய வளையமாக நடுவில் பிடித்துக்கொள்வது மற்றொன்று. வளையத்தின் பிடி உறுதியானது. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கும் மூளையில் மிகச் சிறிய அளவு கடோலினியம் தங்குவதை 2014-ல் ஜப்பானில் கவனித்தார்கள். கயிற்று ஜாதி மருந்துகளில்தான் இது அதிகம். அதனால் தீங்கு உண்டென்று இதுவரை நிரூபணமாகவில்லை. இருந்தாலும் எதற்கு வம்பு என்று 2017-ல் ஐரோப்பாவில் கயிற்று ஜாதியில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டார்கள்.

"எனக்குப் போடறது எந்த ஜாதி?" என்று கேட்டேன். டெக்னீஷியன் முதல் தடவையாகச் சிரித்தார். "வளையம்தான் சார். இத்தனை வருஷத்துல நீங்கதான் கேட்டிருக்கீங்க."

உள்ளே போனேன். புறங்கையில் பிளாஸ்டிக் குழாய் ஊசியை ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டினார். காதில் பஞ்சு. கையில் ஒரு ரப்பர்ப் பந்து. ஏதாவது சங்கடம் என்றால் அமுக்க வேண்டும். படுக்கை குகைக்குள் போயிற்று. பிறகு அந்தச் சத்தம்! தகரக் கொட்டகையில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் சம்மட்டி அடிக்கிறாற்போல. மில்லில் 11 வருஷம் இருந்தவனுக்கு அது தொட்டில் பாட்டு. இருபது நிமிஷம் கழித்துப் படுக்கை வெளியே வந்தது. "இப்ப மருந்து சார்" என்ற குரல். புறங்கையிலிருந்து முழங்கைவரை ஐஸ் நீர் ஓடுவதுபோல் ஒரு குளிர்ச்சி. பிறகு ஒன்றுமில்லை. அதைத் தொடர்ந்து உப்பு நீர் கொஞ்சம். சி.டி. ஸ்கேன் ஊசியில் உடம்பெல்லாம் சூடு பரவும் என்பார்கள்; இதில் அது கிடையாது. மறுபடி குகை. மறுபடி சம்மட்டி.

அந்தப் பதிமூன்று மில்லியில் கடோலினியம் சுமார் ஒரு கிராம். சவரனில் எட்டில் ஒரு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு கிராம் என் தலைக்குள் தெருத் தெருவாகப் போவதை நினைத்துப் பார்த்தேன். இடது காதுப் பக்கம் எங்கேயாவது நின்றுவிடாதே, நிற்காமல் போய்க்கொண்டே இரு என்று அதை வேண்டிக்கொண்டேன். விருந்தாளியிடம் யாரும் இப்படி வேண்டிக்கொள்ள மாட்டார்கள்.

வெளியே வந்து அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள். மருந்து ஒவ்வாமல் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் கவனிப்பதற்கு. வருவது அபூர்வம், ஆனால் உட்கார வைப்பதே முறை. ஒடிசாப் பையன் அங்கேதான் இருந்தான். எக்ஸ்ரே வந்துவிட்டது. கண்ணில் ஒன்றும் இல்லை. அவன் முறை வரப் போகிறது.

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஒண்ணுமில்லேன்னு!" என்றார் சூப்பர்வைசர், என்னைச் சாட்சிக்கு அழைப்பவர்போல.

வாஸ்தவம். அவர் சொன்னதும் 'ஒன்றுமில்லை'. படம் சொன்னதும் 'ஒன்றுமில்லை'. வார்த்தை ஒன்றுதான். ஆனால் ஒன்று பார்க்காமல் சொன்னது. மற்றது பார்த்துச் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பையனுடைய கண் இருந்தது.

இரண்டு நாளில் என் முடிவும் வந்தது. கட்டி இல்லை. நரம்பு சுத்தம். காதின் மந்தத்துக்கு வேறு வைத்தியம் நடக்கிறது; ரீங்காரம் இன்னும் இருக்கிறது; பழகிக்கொண்டேன். வெல்லமா, வீரராகவரா என்று தமக்கையுடன் நான் தர்க்கம் செய்வதில்லை.

என் மனத்தில் நிற்பது வேறு. கூண்டை ரசாயன பண்டிதர்கள் பார்த்துக்கொண்டார்கள். காந்தத்தை இன்ஜினீயர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மிச்சமிருப்பது கேள்வி. அது மட்டும் புரியாத பாஷையில் ஒரு காகிதத்தில் கிடக்கிறது. நோயாளி பொய் சொல்வதில்லை. அவனுக்குத் தெரிந்த வார்த்தையில் கேட்கவில்லை, அவ்வளவுதான். 'உலோகம் புதைந்திருக்கிறதா?' என்றால் கிரைண்டிங் தொழிலாளி இல்லை என்றுதான் சொல்வான். கண்ணில் தூள் விழுவதும் தீக்குச்சியால் எடுப்பதும் அவனுக்குத் தினப்படி சமாசாரம். 'சிறுநீரகக் கோளாறு உண்டா?' என்றால் உலைக்கு முன் நிற்கிறவனும் இல்லை என்றுதான் சொல்வான். வெயிலிலும் அனலிலும் தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் வருஷக்கணக்கில் உழைப்பது சிறுநீரகத்தை மெல்ல அரிக்கும் என்று இப்போது வைத்தியர்கள் சொல்கிறார்கள். நம் உப்பளத் தொழிலாளிகளிடம் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. ஆனால் அது வலித்துக் காட்டிக்கொடுக்கும் நோயல்ல.

கதையில் ஒரு பாத்திரத்தை உண்மை பேச வைக்க வேண்டுமானால், எதிரே நிற்கும் பாத்திரத்துக்குச் சரியான கேள்வியைக் கொடுக்க வேண்டும். இருபது வருஷமாக நான் செய்துவரும் வேலை அதுதான். ஆகவே முடிவை வாங்கப் போன அன்று, ஒரு தாளில் நான்கு கேள்விகள் எழுதி அந்த டெக்னீஷியனிடம் கொடுத்தேன்.

'வேலை செய்யும்போது கண்ணில் எதாவது விழுந்து, நீங்களோ வேறு யாரோ எடுத்ததுண்டா?'

'உடம்பில் எங்கேயாவது கம்பி, தகடு, ஸ்குரூ, பேஸ்மேக்கர் வைத்து ஆபரேஷன் நடந்ததா? இடுப்பில், கையில், கழுத்தில் தாயத்து இருக்கிறதா?'

'காலோ முகமோ வீங்குகிறதா? சர்க்கரைக்கோ ரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கிரியாட்டினின் கூட இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா?'

'முன்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டபோது அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல் வந்ததா? பெண்களானால், வயிற்றில் பிள்ளை இருக்குமோ என்ற சந்தேகம் உண்டா?'

அவர் நின்றபடியே படித்தார். "நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். பிறகு காத்திருந்தவர்களின் பக்கம் பார்த்துவிட்டு, தாளை என்னிடமே நீட்டினார்.

"இதை அப்படியே ஹிந்தியிலயும் ஒடியாவிலயும் எழுதித் தர ஆள் இருந்தா சொல்லுங்க. வர்றதுல பாதிப் பேர் அவங்கதான்."

ஹிந்திக்கு எங்கள் தெருவில் ஒரு ரிடையரான வாத்தியார் அகப்பட்டார். ஒடியாவுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.